நாலரைப் பவுண்டிலும் லேசாகத் தெரியும் ட்ரிகர்

ஒஹாயோ மாநிலத்தில் எரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெரியில் சர்வீஸ் ரைஃபிள், அதாவது ராணுவ ரைஃபிளின் அமைப்பில் உள்ள துப்பாக்கிகளுக்கான போட்டிக்குப் போகிறவர்கள், சுடுவதற்கு முன்னால் ஒரு எடையைத் தூக்கிக் காட்ட வேண்டும். குழல் வானத்தைப் பார்க்க ரைஃபிளைச் செங்குத்தாகப் பிடித்து, எடையின் கொக்கியை ட்ரிகரில் மாட்டி, மெல்லத் தூக்க வேண்டும். எடை நாலரைப் பவுண்டு, அதாவது 2.04 கிலோ. ட்ரிகர் விடுபட்டதும் விழுந்து தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்தான் ஹேமர். அது விழாமல் எடை மேலே எழும்பினால் தேறிவிட்டோம். இடையில் 'டக்' என்று கேட்டால் தேறவில்லை, சரிசெய்துவிட்டுத் திரும்ப வர வேண்டியதுதான். போட்டியை நடத்தும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம், சுருக்கமாக சிஎம்பி, ஏஆர்-15 வகை சர்வீஸ் ரைஃபிளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு அது.

"லேசான ட்ரிகர் எது வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், எந்தப் போட்டிக்கு என்று நான் முதலில் கேட்பது இதனால்தான். அதைச் சொல்லாமல் பவுண்டுக் கணக்கு பேசுவதில் பயனில்லை.

நான் இந்த விளையாட்டுக்குள் வந்தது தாமதமாகத்தான். கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது .22 ரைஃபிளில் கொஞ்சம் சுட்டதோடு சரி. அமெரிக்கா வந்த பிறகும் பல வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் அந்த வழியில் போக எனக்கு மனம் வரவில்லை. பச்சை அட்டை வந்த பிறகுதான் பக்கத்து ஊர் கிளப்பில் சேர்ந்தேன். இங்கே புதிதாக வந்திருக்கும் நம் ஆட்களுக்காக இதைச் சொல்கிறேன்: ட்ரிகரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்கள் விசா நிலையை ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வரும் நண்பர்கள் ஒலிம்பிக் சுடுதலைப் பார்த்துப் பழகியவர்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு, ட்ரிகர் இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்ற கீழ்வரம்பே கிடையாது. நூறு கிராம் அளவிலேயே அமைத்துக்கொள்கிறார்கள், விரல் பட்டதும் போய்விடும். "அங்கே நூறு கிராம், உங்களுக்கு ஏன் இரண்டு கிலோ?" என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதில் ரைஃபிளின் வயிற்றுக்குள் இருக்கிறது.

ஏர் ரைஃபிளில் ஒவ்வொரு குண்டையும் கையால் வைத்து, கையால் மூடுகிறோம். அந்த நேரத்தில் எதுவும் அதிர்வதில்லை. ஏஆர்-15 அப்படியில்லை. ஒவ்வொரு முறை சுட்டதும் வாயுவின் அழுத்தத்தில், தோட்டாவின் பின்னால் மூடி நிற்கும் போல்ட் பின்னால் பாய்கிறது, ஹேமரை மடக்கிவிட்டு, ஸ்பிரிங் தள்ள, அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து அறைகிறது. அந்த அறைதலில் ரைஃபிள் முழுக்க ஆடும். அப்போதும் ஹேமரைப் பிடித்திருக்கும் சியர் விளிம்பு நழுவக் கூடாது. ட்ரிகரை இன்னும் அழுத்தியபடியே இருக்கும் நம் விரலுக்கு, டிஸ்கனெக்டர் என்ற சிறிய துண்டு குறுக்கே நின்று, விரலை விட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்த குண்டு என்று பார்த்துக்கொள்கிறது. சியர் பிடிப்பின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ட்ரிகர் லேசாகும், இழுவை இல்லாமல் சட்டென்று விடும். ஒரு கட்டத்துக்கு மேல் அதிர்விலேயே ஹேமர் விழும். ஒரு இழுப்புக்கு இரண்டு குண்டு போகும் ரைஃபிள் ஆபத்தானது மட்டுமில்லை, அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் அது வேறு வகை ஆயுதம். இதனால்தான் அரைத் தானியங்கி ரைஃபிளில் எடைக்கு ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. சியரை அரம் வைத்து ராவுவது, ஸ்பிரிங்கின் காலை வளைத்துவிடுவது போன்ற வீட்டு வைத்தியங்கள் எதிலும் நான் கை வைக்க மாட்டேன்.

சரி, கடையில் வரும் சாதாரண ட்ரிகருக்கு என்ன குறை? ராணுவ அளவுகோல்படி அது ஐந்தரை முதல் ஒன்பதரைப் பவுண்டு வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். என் ரைஃபிளோடு வந்தது ஏழுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் என்னைப் படுத்தியது எடையைவிட அதன் இழுவைதான். இழுக்க இழுக்க மணல் உரசுவதுபோல் நகரும், நின்று நின்று நகரும், எப்போது போகும் என்று தெரியாது. 200 கஜத்தில், நின்றபடி, எதிலும் சாயாமல், பத்து குண்டை பத்து நிமிடத்தில் சுட வேண்டும். அந்த இலக்கில் பத்து மதிப்பெண் வட்டம் ஏழு அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் மூன்று அங்குலம். நிற்கும்போது முனை ஒருபோதும் அசையாமல் நிற்காது, வட்டத்தின் மேல் அலைந்துகொண்டே இருக்கும். அது நடுவில் மெதுவாகும் கணத்தில் ட்ரிகர் முடிய வேண்டும். எப்போது முடியும் என்று தெரியாத ட்ரிகரோடு அது நடக்காது.

எடை குறைந்த ஸ்பிரிங் செட்தான் எல்லாரும் முதலில் வாங்குவது, நானும் வாங்கினேன். விலை கொஞ்சம்தான். எடை கண்கூடாகக் குறைந்தது, இழுவை மட்டும் அப்படியே இருந்தது. இன்னொரு பக்க விளைவும் உண்டு. ஹேமர் ஸ்பிரிங் மென்மையானால் ஃபயரிங் பின்னை அடிக்கும் வேகமும் குறையும். ராணுவ வகைத் தோட்டாக்களில், அடிபட்டதும் தீப்பற்றும் பிரைமரின் மேல்தகடு தடிமனாக இருக்கும், சில நேரம் அடி விழுந்தும் வெடிக்காது. பிரைமரில் லேசான பள்ளம் மட்டும் விழுந்திருக்கும். சரி, பிரைமரை மெல்லிய தகடு உள்ளதாக மாற்றலாமே என்றால் அதுவும் இந்த ரைஃபிளுக்கு ஒத்துவராது. ஏஆரில் ஃபயரிங் பின் எந்த ஸ்பிரிங்கும் இல்லாமல் மிதப்பது. போல்ட் மூடும்போது அது முன்னால் போய் பிரைமரைத் தொட்டு ஒரு சின்னத் தழும்பை விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் தோட்டா சொந்தமாகத் தயாரிக்கிறவர்கள் சிசிஐ 41, சிசிஐ 450 போன்ற தடித்த தகடு பிரைமரைத்தான் இதில் நம்புகிறார்கள். பிரைமர் தடித்தது, ஸ்பிரிங் மென்மையானது என்றால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது. ஹேமர் ஸ்பிரிங்கை முழு வலுவிலேயே விட்டுவிட்டு வேறு இடத்தில் மென்மையைத் தேடுவதுதான் சரியென்று எனக்குப் பட்டது.

அடுத்தது சிங்கிள் ஸ்டேஜ், அதாவது ஒரே கட்டமாக இழுக்கும் ட்ரிகர். மூன்று பவுண்டுக்கு அமைத்து, ஒரே பெட்டியாக வரும், இரண்டு பின்னைப் போட்டால் முடிந்தது. கிளப்பில் ஒருவருடைய ரைஃபிளில் சுட்டுப் பார்த்தேன். கண்ணாடிக் குச்சி உடைவதுபோல் என்று விளம்பரங்களில் சொல்வார்களே, அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. பெஞ்சில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுடுகிறவர்களுக்கு அது அருமையான தேர்வு. ஆனால் சர்வீஸ் ரைஃபிள் போட்டிக்கு அது விதிக்குள் வராது. நாலரைக்கு மேல் அமைத்த சிங்கிள் ஸ்டேஜும் உண்டுதான். ஆனால் அதில் அந்த முழு எடையையும் ஒரே சுவரைத் தள்ளுவதுபோல் தள்ள வேண்டும். நின்று சுடும்போது அந்தத் தள்ளலே முனையை ஆட்டிவிடும்.

டூ ஸ்டேஜ், அதாவது இரண்டு கட்டமாக இழுக்கும் ட்ரிகர், இதைத்தான் தீர்க்கிறது. மொத்த எடை இரண்டாகப் பிரிகிறது. முதல் பாதி நீளமான, சீரான இழுப்பு. அது சுவரில் முட்டியதுபோல் ஒரு இடத்தில் வந்து நிற்கும். பைக் ஓட்டுகிறவர்களுக்கு கிளட்ச் பிடிக்கும் இடம் விரலில் தெரியுமே, அப்படி இந்த இடமும் கொஞ்ச நாளில் விரலுக்குப் பழகிவிடும். அதற்கு மேல் கொடுக்க வேண்டியது சிறிய எடைதான். பரவலாக விற்கும் கைஸ்லி எஸ்எஸ்ஏ ட்ரிகரை எடுத்துக்கொண்டால், முதல் கட்டம் இரண்டரைப் பவுண்டு, இரண்டாவது இரண்டு பவுண்டு, மொத்தம் நாலரை. அதே நிறுவனத்தின் எஸ்எஸ்ஏ-இ முதல் கட்டம் 2.3, இரண்டாவது 1.2, மொத்தம் மூன்றரை. லாரூ எம்பிடியும் ஏறக்குறைய இதே பிரிப்பில் நாலரைக்கு வருகிறது. எடை பார்க்கும் அதிகாரிக்கு மொத்தக் கணக்கு நாலரை. ஆனால் குண்டு புறப்படும் கணத்தில் என் விரல் கூடுதலாகக் கொடுப்பது இரண்டு பவுண்டுதான். லேசு என்று நான் தேடியது இதைத்தான் என்று சுட்டுப் பார்த்தபோது விளங்கியது.

முதல் கட்டத்தைக் கனமாகவும் இரண்டாவதை மிக மென்மையாகவும் பிரித்துவைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். திருகாணிகளால் மாற்றிக்கொள்ளும் வகையில் அதைச் செய்யவும் முடியும். நானும் அப்படிச் சில மாதம் வைத்துச் சுட்டேன். மெதுவாகச் சுடும்போது சுகமாக இருந்தது. வேகச் சுற்றில் கதை மாறியது. உட்கார்ந்த நிலையில் 200 கஜத்தில் அறுபது வினாடிக்குள் பத்து குண்டு, படுத்த நிலையில் 300 கஜத்தில் எழுபது வினாடிக்குள் பத்து குண்டு, நடுவில் மேகசினும் மாற்ற வேண்டும். அந்த அவசரத்தில் முதல் கட்டத்தை எடுக்கும் வேகத்திலேயே விரல் இரண்டாவதையும் தாண்டிவிடுகிறது. சுவர் தெரியாமலே குண்டு போகிறது. அக்டோபர், நவம்பரில் ஒஹாயோவில் 100 கஜக் குறுகிய போட்டிகள் நடக்கும், காலையில் விரல் மரத்துப் போயிருக்கும். அப்போது இது இன்னும் மோசம். கடைசியில் இரண்டாவது கட்டத்தை இரண்டு பவுண்டை ஒட்டியே வைத்தேன். மரத்த விரலுக்கும் சுவர் தெரிய வேண்டும் என்பதுதான் என் அளவுகோல். வேறு ஒருவருக்கு ஒன்றரை சரியாக இருக்கலாம், அது அவரவர் விரலைப் பொறுத்தது.

ட்ரிகர் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இலக்கில் குண்டுத் துளைகள் நெருங்கி விழுகின்றனவா என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். எங்கள் கிளப்பில் ஓய்வு பெற்ற ஒரு டூல் அண்ட் டை மேக்கர் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். அவர் எனக்குக் காட்டிக்கொடுத்தது வேறு வழி. ஒவ்வொரு குண்டும் போன கணத்தில் முனை எங்கே இருந்தது என்பதை, இலக்கைப் பார்க்காமலே, நோட்டில் குறித்துவிட வேண்டும். இதைத்தான் 'கால்' (call) என்பார்கள். அப்புறம் கீழே குழியில் இருப்பவர்கள் இலக்கை இறக்கி, துளையில் வட்டத்தட்டைச் செருகி, மேலே ஏற்றுவார்கள். (அடுத்த சுற்றில் நாம் குழிக்குள் போய் அவர்களுக்கு அதே வேலையைச் செய்வோம். ஜூலை வெயிலில் அது ஒரு தனி உடற்பயிற்சி.) நாம் குறித்ததும் தட்டு காட்டுவதும் ஒத்துப்போனால் ட்ரிகர் தன் வேலையைச் செய்கிறது. மூன்று மணித் திசையில் ஒன்பது என்று நான் குறித்து, தட்டும் அங்கேயே வந்தால், அது என் உடம்பின் ஆட்டம், ட்ரிகரின் குற்றமில்லை. நடுவில் என்று குறித்தது ஏழு மணித் திசையில் போய் நின்றால், அதுவும் அடிக்கடி நடந்தால், விரல் ரைஃபிளை இழுக்கிறது. பழைய ட்ரிகரில் என் நோட்டு முழுக்க இந்த இரண்டாவது வகைதான். டூ ஸ்டேஜ் வந்த பிறகு மதிப்பெண் உடனே ஏறிவிடவில்லை, ஆனால் குறிப்பும் தட்டும் ஒத்துப்போக ஆரம்பித்தன. மதிப்பெண் அதற்குப் பின்னால் மெல்ல வந்தது.

எடை பார்ப்பதில் ஒரு நுணுக்கம். ட்ரிகர் ஒரு பின்னைச் சுற்றித் திரும்பும் நெம்புகோல். பின்னிலிருந்து தள்ளி, கீழ் நுனியில் இழுத்தால் எடை குறைவாகக் காட்டும், மேலே இழுத்தால் கூடுதலாகக் காட்டும். ஒரே ட்ரிகருக்கு டிஜிட்டல் அளவி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். போட்டியில் தொங்கும் எடையில்தான் பார்க்கிறார்கள் என்பதால் வீட்டிலும் அப்படியே பார்ப்பது நல்லது. ஒரு உறுதியான பையில் மணல் போட்டு, கொக்கியையும் சேர்த்து சமையலறைத் தராசில் 2.04 கிலோ வரும்படி நிறுத்துக்கொண்டால் போதும். என் மனைவி தராசைக் கழுவித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தாள். புது ஸ்பிரிங் சில நூறு தடவை வேலை செய்த பிறகு கொஞ்சம் தளரும், அதனால் சரியாக நாலரையில் வைத்துக்கொண்டு போட்டிக்குப் போகாதீர்கள். நான் நாலே முக்காலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தக் கால் பவுண்டை முதல் கட்டத்தில் ஏற்றிவிட்டால் விரலுக்குத் தெரிவதே இல்லை.

வாங்குவதற்கு முன் பின் துளையை அளந்துவிடுங்கள். பெரும்பாலான ஏஆர்களில் ஹேமர், ட்ரிகர் பின்கள் 0.154 அங்குலம், ஆனால் பழைய கோல்ட் ரைஃபிள்கள் சிலவற்றில் 0.170. பொருத்துவது கடினமில்லை. ஆனால் ஹேமர் ஸ்பிரிங்கைத் தலைகீழாக மாட்டிவிட்டு, புது ட்ரிகர் வெடிக்க மாட்டேன் என்கிறது என்று ரேஞ்சுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் இரண்டு கால்களும் ட்ரிகர் பின்னின் மேல் உட்கார வேண்டும், அதில் ஒரு கால் பின்னில் இருக்கும் பள்ளத்தில் அமர்ந்து பின் நகராமல் காக்கிறது. மேல்பகுதியைக் கழற்றிய நிலையில் ஹேமரை விழவிட்டுப் பார்க்காதீர்கள். அது போய் ரிசீவரின் அலுமினியத்திலும் போல்ட் கேச்சிலும் மோதும். விரலால் தடுத்து மெல்ல இறக்குங்கள். கையில் நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பொருத்திய பிறகு செய்யும் சோதனையை மட்டும் எவ்வளவு அவசரமானாலும் விடக் கூடாது. தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதி செய்ய வேண்டும். ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நன்றாக அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விலக்கும்போதும் ஹேமர் விழக் கூடாது. பிறகு இழுத்தால் விழ வேண்டும். இழுத்த விரலை அப்படியே வைத்துக்கொண்டு போல்ட்டைப் பின்னால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலை இழுத்து விட வேண்டும், ஹேமர் பிடிபட்டு நிற்க வேண்டும். விரலை மிக மெதுவாக முன்னால் விட்டால் 'கிளிக்' என்று டிஸ்கனெக்டரிலிருந்து சியருக்கு மாறும், அப்போதும் விழக் கூடாது. நிறைய ட்ரிகர்கள் வேகமாக விட்டால் தேறிவிடும், மெதுவாக விடும்போதுதான் குட்டு வெளிப்படும். கடைசியாக, ஹேமர் ஏறிய நிலையில் ரைஃபிளின் பின்கட்டையை ஒரு ரப்பர் பாயில் சில முறை தட்ட வேண்டும். போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, காலி சேம்பரில் முழு வேகத்தில் விட்டும் ஓரிரு முறை பார்க்க வேண்டும்.

ரேஞ்சிலும் உடனே முழு மேகசின் போடுவதில்லை. முதலில் மேகசினில் ஒரே தோட்டா. அது சரியானால் இரண்டு, அப்புறம் மூன்று. இரண்டு போட்டு ஒரு இழுப்பில் இரண்டும் போனால், அல்லது போல்ட்டோடு சேர்ந்து ஹேமரும் இறங்கிவிட்டால், அங்கேயே நிறுத்தி, காலி செய்து, ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லிவிட்டு ரைஃபிளைப் பையில் வைத்துவிட வேண்டும். இன்னொரு முறை சுட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். மெதுச் சுற்றுகளில் ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும்போதும் சேம்பருக்குள் நேரடியாகப் போட்டு போல்ட்டை விடாமல், மேகசின் வழியாகவே ஏற்றுவது நல்லது. மேகசினிலிருந்து தோட்டாவை உரித்துக்கொண்டு வரும்போது போல்ட்டின் வேகம் கொஞ்சம் தணியும், மிதக்கும் ஃபயரிங் பின்னும் பிரைமரை அவ்வளவு பலமாகத் தட்டாது.

செலவைப் பொறுத்தவரை, நூறு டாலரை ஒட்டியே நல்ல டூ ஸ்டேஜ் கிடைக்கிறது, முந்நூறு டாலர் வரைக்கும் போகலாம். விலை உயர்ந்ததில் மாற்றிக்கொள்ளும் வசதி கிடைக்கும். முதல் வருடத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கலாம். அதைவிட மலிவானது ட்ரை ஃபயர். மேல்பகுதி மாட்டிய நிலையில் ஏஆரில் காலி சேம்பரோடு ஹேமரை விடுவதால் கெடுதல் இல்லை. எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருக்கிறேன், இரவு சாப்பாட்டுக்குப் பின் கொஞ்ச நேரம் நின்று பழகுவேன். மாடியில் சீரியல் பார்க்கிறவர்களுக்கு அந்த 'டக் டக்' பழகிவிட்டது.

பிள்ளைகளோடு ஆரம்பிக்க நினைப்பவர்கள் .22 ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டியைப் பார்க்கலாம். தோட்டா மலிவு, உதைப்பு இல்லை. 1964 முதல் விற்பனையில் இருக்கும் ரூகர் 10/22 அங்கே அதிகம் தென்படும். அதற்கு ரூகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிகர் மூன்று பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே வருவதாகத்தான் விளம்பரம், சிஎம்பி அந்தப் போட்டிக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சமோ மூன்று பவுண்டு. அதனால் வாங்கியவுடன் மூன்று பவுண்டு மணல்பை ஒன்றைத் தயார் செய்து தொங்கவிட்டுப் பாருங்கள். தூக்கவில்லை என்றால் சாதாரண ட்ரிகரோடேயே முதல் போட்டிக்குப் போகலாம், பாதிப் பேர் அங்கே அப்படித்தான் சுடுகிறார்கள்.